விமானியாகப் பட்டப்படிப்பு வேண்டுமா? படிப்பையும் பயிற்சியையும் எந்த வரிசையில் அமைப்பது

இந்தியாவில் பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்குக் கல்லூரிப் பட்டம் சட்டப்படி தேவையில்லை. இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறிய பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், உடல்தகுதிச் சான்று, உரிமத் தேர்வுகள், பறந்த மணிநேரக் கணக்கு ஆகியவையே வணிக விமானி உரிமத்துக்குக் கேட்கப்படுகின்றன. இந்தப் பதிலைக் கேட்டதும் எழுந்து போய்விடும் குடும்பங்களையும், "எதற்கும் ஒரு டிகிரியை முடித்துவிட்டு வரட்டும்" என்று பிள்ளையை மூன்று ஆண்டு கல்லூரிக்கு அனுப்பிவிடும் குடும்பங்களையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். இரு தரப்பிலும் சிலர் பின்னால் வருந்துகிறார்கள். பட்டத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று அவர்கள் யோசிக்காததே அதற்குக் காரணம்.

நான் உரிமம் பெற்றவன். பெங்களூரில் ஜக்கூர் பக்கம் சில ஆண்டுகளாக வழிசெலுத்தலும் வானிலையியலும் கற்பித்து வருகிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் ஆகிய இடங்களிலிருந்தும், ஓசூர், சேலம் பக்கத்திலிருந்தும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் தமிழ்ப் பெற்றோரிடம் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி வருவதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

1. உரிமம் தருபவர் யார், வேலை தருபவர் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

உரிமம் தருவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். மாணவர் விமானி உரிமத்துக்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும் பன்னிரண்டாம் வகுப்பும் வேண்டும். பின்னாளில் கேப்டன் ஆவதற்குத் தேவையான விமானப் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணிநேரப் பறத்தலும் வேண்டும். இந்த மூன்றில் எதிலும் பட்டம் நிபந்தனையாக இல்லை.

வேலை தருவது விமான நிறுவனம். துணை விமானி வேலைக்கும், நிறுவனங்களே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்களுக்கும் இந்தியாவில் பொதுவாகக் கேட்கப்படும் கல்வித் தகுதி பன்னிரண்டாம் வகுப்புதான். சில திட்டங்கள் இயற்பியல், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கின்றன. ஆகவே விளம்பரத்தில் மதிப்பெண் வரியை முதலில் படியுங்கள். வாய்ப்பு அங்கேதான் பெரும்பாலும் அடைபடுகிறது.

பட்டம் கட்டாயம் என்ற எண்ணம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது அமெரிக்கா. அங்கே பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் இளங்கலைப் பட்டத்தை எதிர்பார்த்தன. டெல்டா நிறுவனம் அந்த நிபந்தனையை 2022 ஜனவரியில்தான் நீக்கியது. அதற்கு முன்பு எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அந்த விதி இங்கும் உண்டு என்று நினைக்கிறார்கள். இரண்டாவது இந்திய விமானப்படை. அஃப்காட் தேர்வு வழியாகப் பறக்கும் பிரிவில் சேர்வதற்குப் பட்டம் கட்டாயம். வயது வரம்பும் 20 முதல் 24 வரைதான், வணிக விமானி உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் 26 வரை தளர்த்தப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகப் போவது வேறு பாதை. பிள்ளையின் மனத்தில் விமானப்படையும் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இருந்தால், பட்டத்தைப் பற்றிய முடிவு முற்றிலும் மாறிவிடும்.

2. கல்லூரிக்கோ பயிற்சிப் பள்ளிக்கோ பணம் கட்டுவதற்கு முன் உடல்தகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் பார்த்தவற்றுள் மனத்தை மிகவும் வருத்திய தவறு இந்தப் படியில்தான் நடந்தது. ஓர் இளைஞர் விமானத்துறை மேலாண்மையில் மூன்று ஆண்டுப் பட்டம் முடித்துவிட்டு, பறக்கும் பயிற்சிக்கான பணத்தையும் தயார் செய்துகொண்டு வந்தார். அதன் பிறகே மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். அவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் குறைவாக இருந்தது. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் கண் மருத்துவர் ஒருவர் ஐந்து நிமிடம் காட்டியிருந்தால், அவர் பத்தாம் வகுப்பிலேயே அதைத் தெரிந்துகொண்டு, வேறு துறைக்கு நல்ல மனத்தோடு திரும்பியிருப்பார்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும், அக்கம்பக்கத்தில் இருக்கும் எந்தக் கண் மருத்துவரிடமாவது நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். அதன் கோப்பு எண் கையில் வந்ததும் முதல் வகுப்பு (கிளாஸ் 1) மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கேளுங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அந்தப் பரிசோதனையை நடத்தும் விமானப்படையின் விமான மருத்துவ நிறுவனம் பழைய விமான நிலையச் சாலைப் பக்கத்திலேயே இருக்கிறது. நாள் கிடைக்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பதால், முன்கூட்டியே கேட்பது நல்லது.

இரண்டாம் வகுப்புச் சான்று கிடைத்ததுமே பெருந்தொகையைக் கட்டிவிடுவது அடுத்த தவறு. வணிக விமானியாக வேலை செய்வதற்கு முதல் வகுப்புச் சான்றுதான் தேவை. அதில் இதயத் துடிப்புப் பதிவு, காது கேட்கும் திறன், இரத்தச் சர்க்கரை போன்றவற்றை நுணுக்கமாகப் பார்ப்பார்கள். எடை, இரத்த அழுத்தம், காதில் அடைப்பு போன்ற காரணங்களால் "தற்காலிகமாகத் தகுதியற்றவர்" என்று எழுதினால் அஞ்ச வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்குள் சரிசெய்துகொண்டு மீண்டும் போகலாம். கண்ணாடி அணிவதும் தடையல்ல. கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்குத் திருந்தினால் போதும். லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்கள், அதற்கு முன்பே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்குப் பின் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு.

3. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்

பட்டம் இல்லாமல் விமானி ஆகலாம். இந்த இரு பாடங்கள் இல்லாமல் ஆவதற்குத்தான் வழி இல்லை. பி.யூ.சி.யில் (கர்நாடகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு) காமர்ஸ் எடுத்து, பின்னர் பி.காம். முடித்தவரும் உரிமத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. உயர்ந்த படிப்பு கீழே உள்ள குறையை ஈடுசெய்துவிடும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்புதான். ஆனால் விதி பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் இந்த இரு பாடங்களைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. உயிரியல் பிரிவில் கணிதம் இல்லாமல் படித்தவர்களுக்கும் இதே நிலைதான்.

விடுபட்ட பாடத்தைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிக்கொள்ளலாம். ஏற்கெனவே பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் முழுப் படிப்பையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. தேவையான பாடங்களுக்கு மட்டும் சேர்ந்துகொள்ள அங்கே இடமுண்டு. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும் நடக்கிறது. இயற்பியலில் செய்முறைத் தேர்வும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். எழுத்துத் தேர்வை மட்டும் முடித்துவிட்டு, செய்முறைக்குப் போகாமல் ஓர் அமர்வை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கலை, வணிகப் பிரிவு மாணவர்களுக்காக இந்த நிபந்தனையைத் தளர்த்தும் யோசனை 2025-இல் பேசப்பட்டது. பேச்சில் இருப்பதை நம்பிப் பாடத்தேர்வு செய்யக் கூடாது. விண்ணப்பிக்கும் நாளில் டி.ஜி.சி.ஏ.யின் இணையதளத்தில் இருக்கும் விதிதான் கணக்கில் வரும்.

4. எல்லா ஆவணத்திலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

இது சிறிய வேலைபோலத் தோன்றும். தமிழ்க் குடும்பங்களில் மாதக்கணக்கில் இழுப்பது இதுதான். நம் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழில் "எஸ். கார்த்திக்" என்று முதலெழுத்தோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். ஆதாரில் முதலெழுத்து பின்னால் போயிருக்கும். மருத்துவக் கோப்பு, தேர்வுப் பதிவு, உரிம விண்ணப்பம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதால், இந்த வேறுபாடு ஒவ்வோர் இடத்திலும் கேள்வியை எழுப்பும்.

எனவே மருத்துவப் பரிசோதனைக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். முதலெழுத்தை விரித்தெழுதுவது என்று முடிவு செய்தால், எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் விரித்தெழுதுங்கள். பின்னால் சேரப்போகும் பட்டப்படிப்பின் பதிவிலும் அதே பெயரைக் கொடுங்கள். மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கும் பட்டச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், அதைத் திருத்துவது இதைவிடக் கடினம்.

5. பணத்தை முழுமையாகக் கணக்கிட்ட பிறகு பட்டத்தைப் பற்றி முடிவெடுங்கள்

வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சிக்கு இந்தியாவில் பெரும்பாலும் 45 முதல் 60 லட்சம் ரூபாய் வரை ஆகிறது. அதன்பின் குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டக் கற்றுத்தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் தனியாக வேண்டும். நிறுவனங்களின் கேடட் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தாண்டலாம். தங்குமிடம், உணவு, தேர்வுக் கட்டணம், தோல்வியடைந்தால் மறுதேர்வு, வானிலை கெட்டுப் பயிற்சி நீண்டால் கூடுதல் மாதங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பட்டத்துக்கு முன்னால் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனியார் கல்லூரியில் பொறியியலுக்குப் பத்து, பதினைந்து லட்சம் செலவழித்த பிறகு பறக்கும் பயிற்சிக்குப் பணம் போதாமல் நின்றவர்கள் பலர். "பட்டம் பாதுகாப்பு" என்ற எண்ணத்தில் செலவிட்ட அதே பணம், எந்தக் கனவுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டுமோ அதையே தின்றுவிட்டது. விமானிப் பயிற்சியை முதன்மையாகக் கொண்டவர் பட்டத்துக்குச் செலவிடும் தொகை சிறியதாக இருக்க வேண்டும்.

டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சிக்கு வங்கிகள் கல்விக்கடன் தருகின்றன. அதற்குப் பட்டம் கேட்பதில்லை. ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு வீடு, மனை போன்ற ஈடு கேட்பது வழக்கம். ஊரில் இருக்கும் சொத்தின் பத்திரம் தாத்தா பெயரிலேயே இருந்தால், அதைச் சரிசெய்ய ஆகும் காலத்தையும் கணக்கில் எடுங்கள்.

6. பட்டத்துக்கு உரிய இடத்தை முடிவு செய்யுங்கள்

மூன்று இடங்களில் அதை வைக்கலாம்: பயிற்சிக்கு முன், பயிற்சியோடு சேர்த்து, பயிற்சிக்குப் பின். மூன்றாவது இடத்தில் முழுநேரக் கல்லூரியை வைப்பதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உரிமத்தோடு சேர்த்துப் பெறும் கருவிவழிப் பறத்தல் தகுதி (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) ஓராண்டுக்குத்தான் செல்லும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் 40 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமத்தைப் பெற்றுவிட்டு மூன்று ஆண்டு கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தால், தகுதிகள் காலாவதியாவதோடு கையில் இருந்த பழக்கமும் போய்விடும். நிறுவனத்தின் தேர்வில் பாவனைக் கருவியில் (சிமுலேட்டரில்) உட்காரவைத்துப் பார்க்கும்போது அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

பணம் தயாராக இருக்கிறது, முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் கிடைத்துவிட்டது, பிள்ளைக்கு 18 வயது ஆகப்போகிறது என்றால், நேராகப் பயிற்சிக்குப் போவதே சரி. விமான நிறுவனங்களில் விமானிகளின் பணிமூப்பு பெரும்பாலும் சேர்ந்த தேதியை ஒட்டியே அமைகிறது. கேப்டன் பதவி உயர்வு, ஓட்டும் விமான வகை எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்தே வருகின்றன. 65 வயதுக்கு மேல் வணிக விமானம் ஓட்ட முடியாது என்பதால், தொடக்கத்தில் இழக்கும் மூன்று ஆண்டுகள், பணிக்காலத்தின் முடிவில் கேப்டனாகச் சம்பாதித்திருக்கக்கூடிய மூன்று ஆண்டுகள்தாம். இந்த நிலையில் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியாகப் பயிற்சியோடு சேர்த்து நடத்துங்கள்.

பணம் சேர இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும், அல்லது பிள்ளைக்கே மனம் உறுதியாகவில்லை என்றால், கல்லூரியை முதலில் வையுங்கள். சும்மா காத்திருப்பதைவிட அது மேலானது. கடைசி ஆண்டில் உரிமத் தேர்வுகளுக்குப் படிக்கத் தொடங்கலாம். முதல் ஆண்டிலேயே எழுதத் தொடங்க வேண்டாம்; தேறிய தாள்களுக்குக் காலவரம்பு உண்டு.

"அப்படியானால் பட்டமே எதற்கு?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் இது. விமானியின் பிழைப்பு ஒரு மருத்துவச் சான்றின் மீது நிற்கிறது. முப்பத்தைந்து வயதில் இதயத்திலோ காதிலோ ஒரு குறை வந்தால், கையில் உள்ள ஐயாயிரம் மணிநேர அனுபவமும் அன்றே தரையில் நின்றுவிடும். நிறுவனங்களும் நின்றுபோகின்றன: கிங்ஃபிஷர் 2012-இல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் பறப்பதை நிறுத்தின. 2020-இல் கொரோனா காலத்தில் உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. அப்போதெல்லாம் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க முயன்ற விமானிகளில் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு முதல் கட்டத்திலேயே கதவு அடைபட்டது. வங்கித் தேர்வு, உயர்நிலை அரசுப் பணித் தேர்வு, மேலாண்மை மேற்படிப்பு ஆகிய எல்லாமே பட்டத்தைத்தான் முதலில் கேட்கின்றன. உரிமத்துக்குத் தேவைப்படாத பட்டம், உரிமம் பயன்படாமல் போகும் நாளுக்குத் தேவைப்படுகிறது.

7. பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விமானப் பொறியியல் படித்தால் விமானி ஆகலாம் என்று எண்ணி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது விமானத்தை வடிவமைப்பதற்கான படிப்பு. விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு, தரையில் விமானத்தைச் சோதித்துப் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் பணிக்கானது. இரண்டும் மதிப்புள்ள தொழில்கள். ஆனால் இரண்டும் உங்களை விமானியின் இருக்கைக்குக் கொண்டுபோகா.

விமானத்துறை மேலாண்மையில் பி.பி.ஏ., விமானவியலில் பி.எஸ்ஸி. ஆகிய படிப்புகளில் சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: கட்டணத்தில் 200 மணிநேரப் பறத்தல் அடங்குமா, அதை டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த எந்தப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது? பல கல்லூரிகளில் கட்டணம் வகுப்பறைப் பாடத்துக்கு மட்டும்தான். பறத்தல் தனி, அதற்கான லட்சங்களும் தனி. சேர்க்கை அலுவலகத்தில் வாயால் சொன்னதை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் உண்மை தெரிந்து அழுதவர்களை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

மாற்று வழியாகத்தான் பட்டம் வேண்டும் என்றால், விமானத்துறையை விட்டு விலகி நிற்கும் பாடத்தையே நான் சொல்வேன். விமானத்துறை முடங்கும்போது விமானத்துறை மேலாண்மைப் பட்டமும் சேர்ந்தே முடங்கும். வணிகவியலோ கணினியோ பொருளியலோ அப்படி முடங்குவதில்லை.

8. கம்ப்யூட்டர் நம்பரைப் பெற்று, பறப்பதற்கு முன்பே தேர்வுகளை எழுதுங்கள்

டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுத, கம்ப்யூட்டர் நம்பர் என்று நாங்கள் சொல்லும் பதிவு எண் வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களோடு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் உண்மையானது என்று அந்தந்தக் கல்வி வாரியம் தரும் உறுதிச்சான்றும் தேவை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் உண்மைத்தன்மைச் சான்று பெற வேண்டும், கர்நாடக பி.யூ.சி. படித்தவர்களுக்குப் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் உள்ள வாரியம். தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே இதற்கு விண்ணப்பியுங்கள். பட்டம் முடித்தவர்கள்கூட இங்கே பட்டச் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை. கேட்பது பன்னிரண்டாம் வகுப்பின் உண்மைத்தன்மையைத்தான்.

எழுத வேண்டியவை: வழிசெலுத்தல், வானிலையியல், விமான விதிமுறைகள், பொதுத் தொழில்நுட்பம், நீங்கள் ஓட்டும் விமானத்துக்கான சிறப்புத் தொழில்நுட்பம். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். இவற்றோடு வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வும் உண்டு. அது நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது; 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் அந்தப் பொறுப்பை விமானப் போக்குவரத்துத் துறைக்கு மாற்றியது. பழைய குறிப்பேடுகளில் இருக்கும் விண்ணப்ப முறையைப் பின்பற்றாதீர்கள்.

குறைந்தது வழிசெலுத்தல், வானிலை, விதிமுறைகள் ஆகிய மூன்றையாவது பயிற்சிப் பள்ளியில் சேர்வதற்கு முன் தேறிவிடுங்கள். பள்ளியில் சேர்ந்த பிறகு காலையில் பறந்துவிட்டு மாலையில் படிப்பது எல்லோருக்கும் கைவருவதில்லை. தாள் தேறாமல் பயிற்சி நின்றாலும் விடுதிக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். தமிழ்வழியில் படித்த மாணவர்கள் ஆங்கிலத்தைக் கண்டு தயங்க வேண்டாம். பன்னாட்டு அளவுகோலில் நான்காம் நிலை ஆங்கிலம் போதும். அதில் பார்ப்பது தெளிவும் புரிதலும்தான். வானொலிச் சொற்றொடர்களை நாள்தோறும் அரை மணிநேரம் உரக்கச் சொல்லிப் பழகியவர்கள், ஆங்கிலவழியில் படித்தவர்களைவிட நன்றாகச் செய்ததைக் கண்டிருக்கிறேன்.

9. பறக்கும் பயிற்சியையும் தொலைநிலைப் பட்டத்தையும் ஒரே நாட்காட்டியில் எழுதுங்கள்

உரிமத்துக்கு 200 மணிநேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி தனிப்பொறுப்பில் ஓட்டியதாக இருக்க வேண்டும்; அந்த நூறுக்குள் 20 மணி ஊர்விட்டு ஊர் செல்லும் பயணமாகவும், அதில் ஒன்று 300 கடல்மைல் தொலைவுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். கருவிவழிப் பறத்தல் 10 மணி, இரவுப் பறத்தல் 5 மணி.

பட்டத்துக்கு இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொருத்தமானது. மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் இருப்பதால், ஒரு பருவத்தில் தேர்வெழுத முடியாமல் போனாலும் படிப்பு கெடாது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் தந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒப்புதல் இல்லாத பட்டத்தால் பின்னால் எதையும் சாதிக்க முடியாது.

ஆய்வகம் இல்லாத பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். பி.எஸ்ஸி., பி.சி.ஏ. ஆகியவற்றில் செய்முறை வகுப்புகளுக்கு நேரில் போக வேண்டும். மகாராஷ்டிரத்தின் பாராமதியிலோ உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சிலோ பயிற்சியில் இருக்கும் மாணவர் அதற்காகப் பெங்களூருக்கு வந்துபோக முடியாது. பி.காம்., பி.ஏ. ஆகியவற்றில் அந்தச் சிக்கல் இல்லை. இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. தேர்வு விண்ணப்பத்தில் பயிற்சிப் பள்ளிக்கு அருகிலுள்ள மையத்தைக் குறிப்பிடுங்கள். ஒப்படைப்புகளை அதற்கு முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். ஜூன் தேர்வு பருவமழை தொடங்கிப் பறத்தல் குறையும் காலத்தோடு ஒத்துப்போகும். வட இந்தியப் பள்ளிகளில் டிசம்பர் இறுதியில் மூடுபனியும் அப்படித்தான். பறக்க முடியாத அந்த நாட்களைப் பட்டத்துக்கு ஒதுக்கும் மாணவர்களுக்கு இரண்டும் ஓரளவு இணைந்து நடந்துவிடும்.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, எத்தனை பயிற்றுநர்கள் உள்ளனர், ஒரு மாணவர் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை மணி பறக்கிறார் என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். டி.ஜி.சி.ஏ. இப்போது பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்ட வேண்டாம்.

10. உரிமத்துக்கும் வேலைக்கும் நடுவே உள்ள காலத்துக்குத் திட்டம் வைத்திருங்கள்

உரிமம் கிடைத்த மறுமாதமே வேலை என்று எதிர்பார்க்காதீர்கள். நிறுவனங்கள் ஆள் எடுக்கும் காலமும் எடுக்காத காலமும் மாறி மாறி வரும். காத்திருப்பு சில மாதங்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். அந்தக் காலத்தில் மருத்துவச் சான்றையும் கருவிவழித் தகுதியையும் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வருவதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

பாதியில் நிற்கும் தொலைநிலைப் பட்டத்தை முடிக்க ஏற்ற நேரமும் இதுதான். உரிமத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை உறவினர்கள் கேட்கும் கேள்விகள் வாட்டும். நாளுக்கு இரண்டு மணிநேரம் பட்டப்பாடம், இரண்டு மணிநேரம் தொழில்நுட்பப் பாடம் என்று ஓர் ஒழுங்கு இருந்தால் மனம் தளராது. நேர்முகத் தேர்வில் "உரிமம் பெற்ற பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது வழக்கம்; அதற்குச் சொல்ல உண்மையான பதிலும் இருக்கும்.

11. வெளிநாட்டை நினைப்பவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் விமான நிறுவன விமானியாவதற்குப் பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் விமானவியலில் இளங்கலைப் பட்டமும் அதனோடு இணைந்த பயிற்சியும் பெற்றவர்களுக்கு அது 1,000 மணியாகக் குறைகிறது. இந்தச் சலுகை அந்நாட்டின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கே உரியது. இங்கே வாங்கும் தொலைநிலைப் பட்டத்துக்குக் கிடைக்காது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் குடியேற்றப் புள்ளி முறையில் கல்வித் தகுதிக்குப் புள்ளிகள் உண்டு. அங்கே எந்தத் துறைப் பட்டமானாலும் உதவும்.

வெளிநாட்டில் பயிற்சி பெற்று இந்தியாவில் வேலை தேட நினைப்பவர்கள், அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுத வேண்டும். இங்குள்ள விமானத்தில் திறன் சோதனையும் கொடுக்க வேண்டும். அப்போதும் முதலில் கேட்கப்படுவது இயற்பியலும் கணிதமும் உள்ள பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் அதன் உண்மைத்தன்மைச் சான்றும்தான். ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் நம்பரையும் இந்திய முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் இங்கே பெற்றுவிட்டுப் புறப்படுங்கள். அங்கிருந்துகொண்டு சென்னைக்கும் மல்லேஸ்வரத்துக்கும் அப்பாவை அலையவைத்த மாணவர்கள், திரும்பி வந்த பிறகும் ஆறேழு மாதம் ஒரு தாள்கூட எழுத முடியாமல் காத்திருக்க நேர்ந்தது.